வீட்டு வயரிங் வேலையில் உள்ள ஆபத்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுவீடு கட்டுகிறவர்கள், பழைய வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் புதிதாக லைன் இழுக்கிறவர்கள், இந்தத் தொழிலில் அண்மையில் சேர்ந்த உதவியாளர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. தமிழ்நாட்டு வீடுகளுக்கு வரும் 230 வோல்ட் ஒருமுனை இணைப்பையும் 400 வோல்ட் மும்முனை இணைப்பையும் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கம்பத்திலிருந்து மீட்டர் வரை உள்ளது மின்வாரியத்தின் பொறுப்பு. அதில் தனியார் எவரும் கை வைக்கக் கூடாது. மீட்டருக்குப் பிறகு உள்ளதைத்தான் இங்கே பேசுகிறோம்.

வீட்டு கரண்ட்தானே, அது ஆளைக் கொன்றுவிடுமா?

கொன்றுவிடும். உயிரைப் பறிப்பது உடலுக்குள் ஓடும் மின்னோட்டத்தின் அளவு. ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர் ஓடினாலே கைத்தசை இறுகிவிடும். பிடித்த கம்பியை விட முடியாது. 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சிறிது நேரம் நீடித்தால் மூச்சு தடைபடும், இதயத் துடிப்பு குலையும். வியர்த்த கையோடும் ஈரத் தரையில் வெறுங்காலோடும் நிற்பவரின் உடல் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு எரிய எடுத்துக்கொள்வதே 40 மில்லி ஆம்பியர் அளவுதான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

"எனக்கு எத்தனையோ முறை ஷாக் அடித்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லும் மூத்த பணியாளர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அன்று கை உலர்ந்திருந்தது, காலில் ரப்பர் செருப்பு இருந்தது, விரல் நுனி பட்டதும் கை தெறித்துவிட்டது. அவ்வளவுதான். ஒரு கை லைனிலும் மறு கை எர்த் ஆன, அதாவது தரையோடு இணைந்த, இரும்பிலும் இருந்து, மின்சாரம் மார்பைக் கடந்து போயிருந்தால் அவர் அந்தக் கதையைச் சொல்ல இருந்திருக்க மாட்டார். உதவியாளர்கள் இந்தப் பேச்சைக் கேட்டுத் துணிச்சல் பழக வேண்டாம்.

மெயினை ஆஃப் செய்தாகிவிட்டது. பிறகு என்ன பயம்?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். மெயினை ஆஃப் செய்வது வேலையின் முதல் படி மட்டுமே. தொடப்போகும் கம்பியில் மின்சாரம் இல்லை என்பதை அந்த இடத்திலேயே சோதித்து உறுதி செய்யும்வரை அது உயிருள்ள கம்பிதான்.

மெயின் ஆஃப் ஆன வீட்டில் மின்சாரம் எங்கிருந்து வரும்? முதலாவது இன்வெர்ட்டர். மின்தடை வந்ததாக நினைத்து அது கண்ணிமைக்கும் நேரத்தில் பேட்டரிக்கு மாறிவிடும். லைட், ஃபேன் லைன்களில் மறுபடியும் 230 வோல்ட் ஓடும். மெயினை இறக்கிவிட்டு ஃபேன் மாற்ற ஏணியில் ஏறியவருக்கு ஷாக் அடிப்பது பெரும்பாலும் இதனால்தான். இன்வெர்ட்டரின் சுவிட்சையும் அணைத்து, அதன் அவுட்புட்டையும் தனியே துண்டிக்க வேண்டும். ஜெனரேட்டர் இருந்தால் அதையும் கவனியுங்கள். இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய வயரால் ஜெனரேட்டர் மின்சாரத்தைச் சுவர் சாக்கெட்டுக்குள் செலுத்தும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது கொலைக்கு நிகரான செயல். மெயின் ஆன் நிலையில் இருந்தால் அந்த மின்சாரம் வீதி டிரான்ஸ்பார்மருக்குள் தலைகீழாகப் புகுந்து 11,000 வோல்ட்டாக மாறும். கம்பத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் வாரிய ஊழியருக்கு அது தெரியாது. வாரிய மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை இணைக்கவே கூடாது.

இரண்டாவது, கடன் வாங்கிய நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயரை வேறொரு லைனிலிருந்து எடுப்பது. மாடிப்படி விளக்குக்கு பேஸ் (மின்சாரம் வரும் வயர்) கீழ்த்தளத்து எம்.சி.பி.யிலிருந்தும் (சுமை மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்), வயர் மிச்சம் பிடிப்பதற்காக நியூட்ரல் மேல்தளத்து ஜங்ஷன் பாக்ஸிலிருந்தும் எடுக்கப்பட்டிருக்கும். நீங்கள் மேல்தளத்து எம்.சி.பி.யை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்க்கிறீர்கள். எரியவில்லை. நியூட்ரல் ஜாயிண்டைப் பிரிக்கிறீர்கள். அதே நொடியில், எரிந்துகொண்டிருக்கும் படி விளக்கின் வழியாக வந்த மின்சாரத்துக்குத் திரும்பிப் போக வழி அடைபட்டு, உங்கள் கையில் இருக்கும் கறுப்பு வயரில் 230 வோல்ட் வந்து நிற்கும். கறுப்பு வயர் பத்திரமானது என்ற நம்பிக்கை இப்படித்தான் ஆளை விழுங்குகிறது. வயரிங் செய்யும்போதே ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் அதற்கான நியூட்ரலைத் தனியாக இழுத்துவிட்டால் இந்தச் சிக்கல் பிறக்காது. பழைய வீட்டில் எந்த நியூட்ரலைப் பிரிப்பதற்கு முன்பும் இரண்டு முனைகளையும் துண்டிக்கும் மெயினையே இறக்குங்கள்.

மூன்றாவது, மனிதர்கள். கீழே இருக்கும் பெரியவருக்கு நீங்கள் மாடியில் வேலை செய்வது தெரியாது. "கரண்ட் போய்விட்டதே" என்று மெயினைத் தூக்கிவிடுவார். ஃப்யூஸ் கேரியராக இருந்தால் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எம்.சி.பி. என்றால் அதற்கான பூட்டு மாட்டிச் சாவியை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூட்டு கிடைக்காத இடத்தில் டிபி (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி) கதவைப் பூட்டி, "ஆள் வேலை செய்கிறார், தொடாதீர்கள்" என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் வாயாலும் சொல்லுங்கள்.

டெஸ்டர் வைத்துப் பார்த்தால் போதாதா?

போதாது. டெஸ்டருக்குள் இருக்கும் சிறு நியான் விளக்கு எரிய, உங்கள் உடல் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் தரைக்குப் போக வேண்டும். மர ஏணியில் உலர்ந்த செருப்போடு நிற்கும்போது அது மங்கலாகத்தான் எரியும். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. உள்ளே பழுதான டெஸ்டர் எப்போதும் "மின்சாரம் இல்லை" என்றுதான் சொல்லும்.

மல்டிமீட்டரோ இரட்டைமுனை வோல்டேஜ் டெஸ்டரோ பயன்படுத்துங்கள். முதலில் மின்சாரம் நிச்சயமாக இருக்கும் ஓரிடத்தில் வைத்து, கருவி வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் என மூன்றையும் சோதியுங்கள். மீண்டும் முதல் இடத்துக்குப் போய்க் கருவி இடையில் செத்துவிடவில்லை என்பதையும் பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யச் சோம்புகிறவரோடு சேர்ந்து வேலை செய்ய நான் உடன்படுவதில்லை.

எம்.சி.பி. இருக்கிறதே, ஷாக் அடித்தால் அது விழாதா?

விழாது. எம்.சி.பி. காப்பது வயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ 16 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஆளைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. ஆளைக் காப்பதற்கென்று இருப்பது ஆர்.சி.சி.பி. பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பி வருவதும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியாகக் கசிந்தாலே துண்டித்துவிடும். வீட்டுக்கு வாங்க வேண்டியது 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்ட வகைதான். 100, 300 என்று குறித்தவை தீ விபத்தைத் தடுக்க உதவும். ஆளைக் காக்க உதவா.

ஆர்.சி.சி.பி.க்கும் எல்லை உண்டு. தரையோடு தொடர்பில்லாமல் நின்றுகொண்டு ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால், அது உங்களையும் ஒரு பல்பாகவே கருதும்.

நன்றாக எர்த் போட்டிருக்கிறோம். அப்படியும் ஆர்.சி.சி.பி. வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழி வெட்டி, 2.5 மீட்டர் ஜி.ஐ. குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, எர்த் தடையை 5 ஓமுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல வேலைதான். கீசரின் உடலில் பேஸ் பட்டால் 230-ஐ 5-ஆல் வகுத்து, அதிகபட்சம் 46 ஆம்பியர் ஓடும். 20 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. உடனே விழ அதன் அளவைப் போல் 5 முதல் 10 மடங்கு, அதாவது 100 ஆம்பியருக்குக் குறையாமல் ஓட வேண்டும். 46 ஆம்பியரில் அது சூடேறி விழப் பல நொடிகள் ஆகும். அதுவரை கீசரின் உடலும் அதோடு இணைந்த உலோகக் குழாயும் உயிரோடு இருக்கும்.

கோடையில் ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து வறண்ட மண்ணில் அதே எர்த் 20 ஓமுக்குப் போனால் ஓடுவது 11.5 ஆம்பியர். அந்த எம்.சி.பி. ஒருபோதும் விழாது. ஆர்.சி.சி.பி.க்கோ அதில் சிறு துளி போதும். ஆகவே எர்த்தும் வேண்டும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். பல லட்சம் செலவழித்துக் கட்டும் வீட்டில் சில ஆயிரம் ரூபாயை இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது. கழற்றிவிடலாமா?

கூடாது. அது எங்கோ கசிவைக் கண்டுபிடித்திருக்கிறது. எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் உள்ள கருவிகளைக் கழற்றிப் பாருங்கள். கீசர் காயில், தண்ணீர் மோட்டார், மழை நீர் இறங்கிய வெளிவிளக்கு ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய வீடுகளில் நியூட்ரலும் எர்த்தும் எங்காவது ஒட்டிக்கொண்டிருப்பதும் காரணமாகலாம். டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

எர்த் வயர் வராத சாக்கெட்டில் எர்த் பின்னையும் நியூட்ரலையும் சிறு வயரால் இணைத்துவிட்டார் எலக்ட்ரீஷியன். சரியா?

உடனே அந்த வயரை எடுக்கச் சொல்லுங்கள். அது இருக்கும்வரை அந்த சாக்கெட்டைப் பயன்படுத்தாதீர்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தாலோ கழன்றாலோ, கருவிக்குள் போன மின்சாரம் அந்தச் சிறு வயர் வழியாக அதன் இரும்பு உடலுக்கு வரும். வாஷிங் மெஷின் ஓடாது. ஏன் ஓடவில்லை என்று தொட்டுப் பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கும். வயரிங்கில் நான் பார்த்தவற்றுள் மன்னிக்கவே முடியாத குறுக்குவழி இது.

கட்டட வேலை நடக்கும்போது எடுக்கும் தற்காலிக லைனில் எதைக் கவனிக்க வேண்டும்?

வீட்டு மின் விபத்துகளைப் பற்றிப் பேசும் பலரும் வீடு முடிவதற்கு முந்தைய மாதங்களை மறந்துவிடுகிறார்கள். கியூரிங் தண்ணீர் தேங்கிய தரை, வெறுங்காலோடு சிமெண்ட் சுமக்கும் பெண்கள், டைல்ஸ் வெட்டும் மெஷின், கான்கிரீட் வைப்ரேட்டர், இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் தர ஒரு பலகையில் ஆணியடித்த நான்கு சாக்கெட்டுகள். பிளக் உடைந்துபோனதால் வயரின் முனையைச் சீவி சாக்கெட் துளைக்குள் விட்டு, கழன்றுவிடாமல் தீக்குச்சி செருகியிருப்பார்கள். எர்த் வயர் பாதியிலேயே வெட்டப்பட்டிருக்கும்.

தற்காலிக போர்டுக்குத்தான் ஆர்.சி.சி.பி. முதலில் வர வேண்டும். வீட்டு டிபிக்கு வாங்கப்போகும் ஆர்.சி.சி.பி.யை வேலை தொடங்கும் நாளிலேயே வாங்கித் தற்காலிக போர்டில் மாட்டச் சொல்லுங்கள். போர்டு மழை படாத இடத்தில், தரையிலிருந்து உயரத்தில், மூடியோடு இருக்கட்டும். வயர் இரட்டை உறையுள்ள கேபிளாக இருக்க வேண்டும். தரையில் இழுபடாமல் மேலே கட்டித் தொங்கவிட வேண்டும். கம்பி கட்டுகிறவர்கள் நடக்கும் தளத்தில் முறுக்கிச் சுற்றிய ஜாயிண்ட் ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது. அந்த இரும்புக் கம்பி வலை முழுவதும் ஒரே கடத்தி. ஒரு முனையில் பேஸ் பட்டால் தளத்தில் நிற்கும் அத்தனை பேரையும் தொடும்.

சுவரில் காடி வெட்டும்போதும் வயர் இழுக்கும்போதும்?

பழைய சுவரைத் துளைக்கும் முன், ஏற்கெனவே உள்ள சுவிட்ச் போர்டுகளுக்கு நேர் மேலேயும் கீழேயும் வயர் போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். நல்ல முகக்கவசமும் கண்ணாடியும் அணியுங்கள்.

பலர் கவனிக்காதது, பைப்புக்குள் வயர் இழுக்கப் பயன்படும் ஸ்பிரிங். ஏற்கெனவே மின்சாரம் ஓடும் வயர்கள் உள்ள பைப்பில் எஃகு ஸ்பிரிங்கைத் தள்ளினால், அது மறுமுனையில் திறந்த போர்டுக்குள் நுழைந்து டெர்மினலைத் தொடும். இந்த முனையில் அதை வெறுங்கையால் பிடித்திருப்பவர் பெரும்பாலும் உதவியாளர்தான். பைப்பில் உள்ள எல்லா வயர்களையும் துண்டித்த பிறகே ஸ்பிரிங் விட வேண்டும்.

அலுமினிய ஏணி மின்வேலைக்கு ஆகாது. சிறு ஷாக்கால் கை உதறி ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபடுவதும் மின் விபத்துதான்.

ஷாக் தவிர வேறு ஆபத்து உண்டா? எம்.சி.பி. விழுகிறது என்றால் பெரியதாக மாற்றலாமா?

இரண்டுக்கும் ஒரே பதில்: தீ. விளக்கு, மின்விசிறிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 என்று தாமிர வயர் போடுவது நம் ஊர் வழக்கம். ஒன்றரை வயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டினால், எம்.சி.பி. விழுமுன் வயர் சுவருக்குள் உருகும். எம்.சி.பி. விழுந்தால் சுமையைப் பிரித்து இன்னொரு லைன் இழுப்பதே வழி.

எம்.சி.பி.யாலும் ஆர்.சி.சி.பி.யாலும் கண்டுபிடிக்க முடியாத தீயும் ஒன்று உண்டு. சாக்கெட்டின் டெர்மினல் திருகு சரியாக முறுக்கப்படாமல் அங்கே அரை ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 112 வாட் வெப்பம் உண்டாகும், அதுவும் பிளாஸ்டிக் பெட்டிக்குள். மின்னோட்டம் கூடவில்லை, கசியவும் இல்லை. ஆகவே எந்தக் கருவியும் துண்டிக்காது. பிளக்கைப் பிடுங்கும்போது பின் சுடுகிறதா, சாக்கெட்டின் ஓரம் பழுப்பேறியிருக்கிறதா, கருகல் வாடை வருகிறதா என்று பாருங்கள். வயரைச் சீவும்போது இழைகளை வெட்டிவிடக் கூடாது. ஜாயிண்ட் எதுவும் பைப்புக்குள்ளோ பூச்சுக்குள்ளோ மறையக் கூடாது. திறந்து பார்க்கக்கூடிய பெட்டியில் மட்டுமே இருக்க வேண்டும்.

வீட்டுக்கு அருகில் மின்கம்பி போகிறது. எவ்வளவு இடைவெளி வேண்டும்?

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, தாழ்வழுத்தக் கம்பி கட்டடத்துக்கு மேலே போனால் 2.5 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர். 11 கே.வி. (11,000 வோல்ட்) என்றால் மேலே 3.7 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர். இது கட்டடத்துக்கான அளவு. மாடியில் 40 அடி இரும்புக் கம்பியைத் தூக்கித் திருப்புகிறவருக்கு இந்த இடைவெளி ஒன்றுமே இல்லை. உயரழுத்தக் கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, நெருங்கினாலே பாயும். வேலை தொடங்குமுன் வாரிய அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, கம்பியை மாற்றவோ அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தவோ ஏற்பாடு செய்யுங்கள்.

மாடியில் சோலார் வைக்கிறோம். அதில் தனி ஆபத்து உண்டா?

உண்டு. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது பேனலை ஆஃப் செய்ய முடியாது. ஒரு பேனல் 40 முதல் 50 வோல்ட் தரும். எட்டைத் தொடராக இணைத்தால் 300 வோல்ட்டைத் தாண்டும் நேர்மின்னோட்டம் அது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொட்டுச் செல்வதால் தீப்பொறி அணைய வாய்ப்பிருக்கிறது. நேர்மின்னோட்டப் பொறி நின்று எரியும். சுமை ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கக் கூடாது. முதலில் இன்வெர்ட்டரையும் டி.சி. ஐசொலேட்டரையும் (பேனல் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைக்க வேண்டும்.

கையுறை போட்டால் லைன் ஆன் நிலையிலேயே வேலை செய்யலாமா?

வேண்டாம். கடையில் விற்கும் தோட்டக் கையுறையும் துணிக் கையுறையும் மின்சாரத்தைத் தடுக்கா. மின்பணிக்கான ரப்பர் கையுறைக்கு ஐ.எஸ். 4770 என்ற தரம் இருக்கிறது. அதிலும் ஊசித்துளை விழுந்தால் பயனில்லை. வீட்டு வயரிங்கில் மின்சாரத்தை நிறுத்த முடியாத வேலை என்று எதுவும் இல்லை. மோதிரம், செயின், எஃகு வாட்ச் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள்.

கண் முன்னே ஒருவருக்கு ஷாக் அடித்தால்?

அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை இறக்குங்கள். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ கம்பியை விலக்குங்கள். உயரழுத்தக் கம்பி என்றால் அருகே போகவே கூடாது. சுற்றியுள்ள மண்ணும் மின்சாரம் கடத்தும். 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவே இரண்டு கைகளையும் வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். தண்ணீர் தெளிப்பதிலும் சோடா வாங்க ஓடுவதிலும் நேரத்தை இழக்காதீர்கள். எழுந்து உட்கார்ந்து "நன்றாக இருக்கிறேன்" என்று சொன்னாலும் மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

உரிமம் உள்ளவரைத்தான் வைக்க வேண்டுமா?

ஆம். தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் வயர்மேன், மேற்பார்வையாளர், ஒப்பந்ததாரர் ஆகியோருக்குத் தகுதிச் சான்றும் உரிமமும் தருகிறது. புதிய இணைப்புக்கான சோதனை அறிக்கையில் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் கையெழுத்திட வேண்டும். வீட்டுப் படியே ஏறாதவரிடம் காசு கொடுத்து அந்தக் கையெழுத்தை வாங்கும் பழக்கம் இருக்கிறது. அந்தத் தாளை வாங்கும் வீட்டுக்காரர் தன் குழந்தைகள் தூங்கப்போகும் வீட்டின் சோதனையைத்தான் விற்றுவிடுகிறார்.

வேலை முடிந்ததும் எதைச் சோதித்து வாங்க வேண்டும்?

பல்புகளையும் கருவிகளையும் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெகர் வைத்து பேஸ், நியூட்ரல், எர்த் ஆகியவற்றுக்கிடையே இன்சுலேஷனை அளக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் ஏற்காதீர்கள். புது வயரிங்கில் அதைவிடப் பல மடங்கு காட்டும். ஒவ்வொரு சாக்கெட்டிலும் எர்த் தொடர்ச்சி இருக்கிறதா, நேரே பார்க்கும்போது பேஸ் வலப்பக்கத் துளையில் இருக்கிறதா, ஒவ்வொரு சுவிட்சும் பேஸைத்தான் துண்டிக்கிறதா என்று பாருங்கள். எர்த் தடையை அளந்து எழுதி வாங்குங்கள். ஆர்.சி.சி.பி.யை உங்கள் முன்னால் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக, எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு, இன்வெர்ட்டர் லைன் எது என்று டிபி கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.